மஞ்சளான ஹெட்லைட்: தேய்த்த பிறகு என்ன பூசப்போகிறீர்கள்?

கேள்வி: 2015-ல் வாங்கிய சிறிய கார் வைத்திருக்கிறேன். வெயிலில்தான் நிறுத்த இடம். இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சள் பூத்து, புகை படிந்தாற்போல் ஆகிவிட்டன. இரவில் சாலை தெரியவில்லை. சர்வீஸ் நிலையத்தில் ஜோடியாக மாற்ற 16,000 ரூபாய் கேட்கிறார்கள். வெளியே ஒருவர் 500 ரூபாய்க்கு ‘ஆவி’ காட்டி ஐந்து நிமிடத்தில் புதிதாக்கித் தருகிறேன் என்கிறார். பற்பசை போதும் என்கிறார் மைத்துனர். வீட்டிலேயே செய்ய முடியுமா? – ஈரோடு வாசகர்

பதில்: முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து விளக்கின்மேல் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது விளக்கு பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. அதை நீங்களே சரிசெய்துவிடலாம். ஊற்றிய பிறகும் மங்கலாகவே இருந்தால், கோளாறு உள்பக்கத்திலோ, பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரிலோ இருக்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100 வாட் பல்பு மாட்டியவர்களின் விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வெந்துபோய் வருகின்றன.

இதைக் கண்ணாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் காரில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மிக மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். பத்து வருட வெயிலில் அந்தப் பூச்சு செத்துப்போகிறது. நீங்கள் பார்ப்பது அழுக்கை அல்ல, செத்த பூச்சை. அதைச் சுரண்டி எடுப்பது பாதி வேலை. அந்த இடத்தில் புதுப் பூச்சு கொடுப்பது மறுபாதி. ஊரில் பெரும்பாலோர் முதல் பாதியைச் செய்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறார்கள்.

மைத்துனரின் பற்பசையில் இருப்பது மிக மென்மையான தேய்பொடி. லேசான மங்கலை எடுக்கும்; சாயங்காலம் பார்த்தால் திருப்தியாக இருக்கும். ஆனால் மிச்சமிருந்த பூச்சையும் தேய்த்துவிட்டு, மேலே எதையும் வைக்காமல் போகிறது. சில வாரங்களில் பழைய குருடி கதவைத் திறடி. கொசு விரட்டும் மருந்தை அடிப்பவர்களும் உண்டு. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கிவிடும். தின்னர், பெட்ரோல் இரண்டையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

அடுத்து இந்த ஆவிக்காரர். சின்னக் கெண்டி போன்ற கோப்பையில் திரவத்தைச் சூடாக்கி, குழாய் வழியே வரும் புகையை விளக்கின்மேல் ஓட்டுவார். கண்ணெதிரே பளபளவென்று ஆகும், மயங்கித்தான் போவோம். கோப்பையில் இருப்பது பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம். அந்த ஆவி பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, கீறல்களை வழித்து மூடிவிடுகிறது. புதுப் பூச்சு எதுவும் ஏறுவதில்லை. மாதங்கள் போனால் உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். அதற்குப் பிறகு அந்த விளக்கை யாராலும் மீட்க முடியாது. டைகுளோரோமீத்தேன் மூச்சில் போனால் உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அந்த ஆவியை நாள் முழுதும் சுவாசித்துக்கொண்டு நடைபாதையில் நிற்கிற பையனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ‘கிட்’ விற்றவன் சொல்லப்போவதும் இல்லை. இவரிடமானாலும் பெரிய கார் அழகு நிலையத்திலானாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “தேய்த்த பிறகு மேலே என்ன பூசுவீர்கள்?” பதில் ‘வாக்ஸ்’ என்றால் மாதா மாதம் வர வேண்டியிருக்கும். பதிலே இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதுதான் வரும். “சுவரில் லேசாக இடித்ததாக எழுதி இன்சூரன்ஸில் மாற்றிவிடலாம் சார்” என்று ஒருவர் காதில் ஓதுவார். விளக்கு மஞ்சளாவது தேய்மானம். அதற்குப் பாலிசியில் இடமில்லை. பொய்யாக எழுதுவது மோசடி. சரி, நியாயத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 16,000 ரூபாயில் 8,000 அங்கேயே போய்விடும். எந்தக் கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு என்று சிறிய காருக்கு இன்னும் 1,000. ஐந்து வருடம் கிளெய்ம் கேட்காமல் இருந்து சேர்த்த 50 சதவீத போனஸும் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அடுத்த வருடம் பூஜ்யமாகும். ஆதாயம் யோசனை சொன்னவருக்கு மட்டும்தான்.

சர்வீஸ் நிலையத்தின் மீதும் முழுப் பழியைப் போட முடியாது. முன்னால் இருக்கும் மூடியை மட்டும் தனியாகக் கேட்டால் பெரும்பாலான கார்களுக்குக் கிடைக்காது. தயாரிப்பாளர்கள் முழு விளக்காகத்தான் விற்கிறார்கள். சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மங்கியதற்காக, நன்றாக இருக்கும் ரிஃப்ளெக்டர், வயர், மோட்டார் எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டும். சொந்தக் காரை 15 வருடம் வரை யாரும் சோதிப்பதும் இல்லை. வாடகை வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் அங்கே விளக்கு எரிகிறதா என்பதுதான் கேள்வி. சாலையில் வெளிச்சம் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பவர் அபூர்வம். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் அளந்து பார்த்தது. மங்கிய விளக்கு புதியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தையே தந்தது. மெருகேற்றிய பின் அது சுமார் 70 சதவீதம் வரை ஏறியது. உங்கள் வேலைக்கும் எல்லை அதுதான். புதிதாகவே ஆகிவிடும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி வேலை. காரை நிழலில் நிறுத்தி விளக்கைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சுற்றியுள்ள பெயின்ட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஒரு அடுக்கு போதும் என்று நினைத்து பம்பரைக் கீறியவர்கள் நிறையப் பேர். பெயின்ட் கடையில் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட நைசு) கேளுங்கள். பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால் முதலில் தேய்க்க 800-ம் வேண்டும். தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சள் நிறத்தில் பால் வழியும். அதுதான் செத்த பூச்சு. அது வெள்ளைப் பாலாக மாறும்வரை 1000-ஐக் கீழே வைக்காதீர்கள். அவசரப்பட்டு அடுத்த தாளுக்குப் போனவர்களின் விளக்கில் ஓரங்களில் மஞ்சள் திட்டு நிற்கும். முதல் தாளைக் கிடையாகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்காகத் தேய்க்கவும். பழைய கீறல் போயிற்றா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். 2000 முடிந்ததும் விளக்கு முன்பைவிட மோசமாக, உறைபனி போல வெளுத்து நிற்கும். பயந்துவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டுப் பூச்சுக்குப் போகலாம். மிக உறுதியானது பெயின்ட் பட்டறையில் அடிக்கும் 2கே கிளியர் கோட், அதாவது இறுக்கும் திரவம் கலந்து அடிக்கிற நிறமில்லாப் பூச்சு. தேய்த்த விளக்கின்மேல் நேராக அடித்தால் நுண்கீறல்களை அதுவே நிரப்பிக்கொள்ளும். தனியாக மெருகேற்ற வேண்டியதில்லை. ஆனால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகக்கவசத்துக்கு அடங்காது. வீட்டு வாசலில் அடிக்காதீர்கள். தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்துவிட்டு, அடிப்பதற்கு மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு வசதியில்லை என்றால் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையை வைத்துத் தெளிவாகும்வரை மெருகேற்றி, ஹெட்லைட்டுக்கென்றே விற்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சைத் துணியால் ஒரே சீராக இழுத்துவிடுங்கள். ஆயுள் குறைவு, ஆபத்தும் குறைவு.

ஒரு விதிவிலக்கு. உங்கள் காருக்குப் பொருந்தாது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழைய அம்பாசடர், பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 போன்றவற்றில் இருப்பது நிஜக் கண்ணாடி. அது மஞ்சளாவதே இல்லை. மங்கலாகத் தெரிந்தால் ரிஃப்ளெக்டர் துருப்பிடித்திருக்கும், அல்லது உள்ளே தூசி சேர்ந்திருக்கும். விரல் முட்டியால் தட்டினால் கண்ணாடி ‘டிங்’ என்னும். பிளாஸ்டிக் ‘டொக்’ என்னும். வெளிச்சத்தைப் பரப்புவதற்காகக் கண்ணாடியிலேயே வரிவரியாக வார்ப்பு இருப்பதையும் பார்க்கலாம். தாத்தாவின் அம்பாசடரை ஆசையாகப் புதுப்பித்த இளைஞர் ஒருவர் அதன் கண்ணாடியை 800 வாட்டர் பேப்பரால் இரண்டு மணி நேரம் தேய்த்து என்னிடம் கொண்டுவந்தார். கண்ணாடியில் விழுந்த கீறலை எடுக்க சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியை வைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் பழைய சாமான் கடையில் வேறு கண்ணாடி தேடினோம். ஆகவே தட்டிப் பார்க்காமல் எந்தப் பழைய வண்டியிலும் தாளை வைக்காதீர்கள்.

பூச்சு காயும்வரை, குறைந்தது ஒரு நாள், மழையும் தண்ணீரும் படக் கூடாது. பிறகு இரவில் சமதரையில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி டிம் விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, தரையிலிருந்து உங்கள் விளக்கு இருக்கும் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். விளக்கு மங்கலாக இருந்த காலத்தில் வெளிச்சம் போதவில்லை என்று எந்த மெக்கானிக்காவது திருகாணியைத் தூக்கி வைத்திருப்பார். அதை இறக்கிவிடுங்கள்.