3 லட்சத்துக்குக் காப்பீடு இருந்தும் 1 லட்சம் கடன் ஏன்?

கேள்வி: என் அலுவலகக் குழு மருத்துவக் காப்பீட்டில் அம்மாவுக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் கவரேஜ் உண்டு. அண்மையில் அவருக்கு நடந்த அறுவை சிகிச்சைக்கு 2,40,000 ரூபாய் பில் வந்தது. காப்பீட்டில் 1,32,000 மட்டுமே கிடைத்தது. மீதியை 16% வட்டிக்கு மூன்றாண்டு பெர்சனல் லோன் வாங்கிக் கட்டினேன். தனி அறைதான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொன்னதால் நாளுக்கு 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தோம். கட்டிய பிரீமியம் திரும்பக் கிடைக்கும் டேர்ம் பாலிசி ஒன்றை உறவினர் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஆயுள் காப்பீடு. மருத்துவமனை பில்லுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

நீங்கள் அனுப்பிய செட்டில்மென்ட் கடிதத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ரூம் வாடகை வரம்பு, கோ-பேமென்ட் (ஏற்கப்பட்ட தொகையில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு). உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1%, அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் தங்கியதோ அதைப்போல இரு மடங்கு வாடகை உள்ள அறை. இதனால் வாடகையில் மட்டும் பாதி குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அறையை ஒட்டிய டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் ஆகியவையும் அதே விகிதத்தில் வெட்டப்படுகின்றன. அறை 30,000 பாதியாகி 15,000. டாக்டர், தியேட்டர் வகை 1,20,000 பாதியாகி 60,000. இந்தக் கழிவுக்கு உட்படாத மருந்தும் பரிசோதனையும் 90,000. ஆக 1,65,000. அதில் பெற்றோருக்கான 20% கோ-பேமென்ட் 33,000 போக, மிஞ்சியது 1,32,000.

3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால், மற்றக் கட்டணங்கள் அதே அளவில் இருந்திருந்தாலும்கூட, பில் 2,25,000. உங்கள் பங்கு 45,000. அட்மிஷனில் அந்த அறைக்குப் போட்ட ஒரு கையெழுத்துக்கு 63,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். 1,08,000 கடனுக்கு மாதம் ஏறக்குறைய 3,800 வீதம் 36 தவணையில் வட்டி மட்டுமே 28,000-க்கு மேல் போகும். அண்ணனுக்கு அம்மாமீது உள்ள அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் தவணையைக் கட்டப்போவது நீங்கள். பாலிசி வாசகத்தைப் பார்க்காமல், உறவினர் சொல்லுக்கு அட்மிஷன் கவுன்டரில் கையெழுத்திடும் இந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் எந்த பாலிசி வாங்கியும் பயனில்லை.

சூப்பர் டாப்-அப் பற்றியும் யாராவது சொல்வார்கள். இருக்கும் காப்பீட்டுக்கு மேல் எடுக்கும் கூடுதல் பாலிசி அது. 3 லட்சம் டிடக்டிபிள் (தொடக்க வரம்பு) உள்ள சூப்பர் டாப்-அப், ஆண்டுச் செலவு 3 லட்சத்தைத் தாண்டிய பிறகே பணம் தரும். 2,40,000 ரூபாய் பில்லுக்கு அது உதவியிருக்காது.

அம்மாவுக்குத் தனியாக, அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசி ஒன்றை இப்போதே விசாரியுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 2024 விதிப்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், நீங்கள் வேலையில், அலுவலகக் காப்பீட்டோடு இருக்கும்போதே அது ஓடிக் கழியட்டும். நோய் விவரம் எதையும் மறைக்காதீர்கள். அடுத்த போனஸ் வந்ததும் கடனை அடையுங்கள். பாலிசியின் முழு வாசகத்தை இந்த வாரமே ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கி, வரம்புகள் உள்ள பக்கத்தை அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள்.