இலவச வக்கீலா, கடன் வாங்கித் தனி வக்கீலா? டெக்சாஸில் மாட்டிக்கொண்ட தம்பிக்காக ஒரு அக்காவின் கேள்வி

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “என் தம்பி டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான், எஃப்-1 என்கிற மாணவர் விசா. போன வாரம் ஒரு பெரிய கடையில், செல்ஃப் செக்அவுட்டில் சில பொருட்களை ஸ்கேன் செய்யாமல் எடுத்து வந்தான் என்று கைது செய்துவிட்டார்கள். பொருட்களின் மதிப்பு 790 டாலராம். ஜாமீனில் வந்துவிட்டான். கோர்ட்டே இலவசமாக வக்கீல் கொடுக்கும் என்கிறார்கள். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவர் அரசாங்கத்தை எதிர்த்து எப்படிப் பேசுவார்? கடன் வாங்கியாவது தனி வக்கீல் வைத்துவிடலாமா?”

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. நம் ஊரில் ‘அரசு வக்கீல்’ என்றால் குற்றம் சாட்டும் தரப்பு. நீங்கள் சொல்லும் அந்த இலவச வக்கீல், அதாவது அமெரிக்காவின் பப்ளிக் டிஃபெண்டர், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உட்காருகிறவர். சம்பளம் அரசுப் பணத்தில் வந்தாலும் அவருடைய கட்சிக்காரர் உங்கள் தம்பிதான். தம்பி சொல்லும் ரகசியம் அவரைத் தாண்டிப் போகக் கூடாது. தனியாகத் தொழில் தொடங்குவதற்கு முன் நானும் அந்த வேலையில் சில வருடங்கள் இருந்தவன். எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

இந்த உரிமைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1961இல் ஃபுளோரிடாவில், பூல் விளையாட்டுக் கூடம் ஒன்றில் புகுந்து திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் கைதானார். வக்கீல் கேட்டார், கிடைக்கவில்லை. தானே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. வசதி இல்லாதவருக்கு மாநிலம் வக்கீல் கொடுத்தாக வேண்டும் என்றானது. எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். மறுவிசாரணைக்கு உதவ மியாமியிலிருந்து பெரிய வக்கீல்கள் வந்தார்கள். கிடியன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளூர் வக்கீல் ஃப்ரெட் டர்னரைக் கேட்டு வாங்கினார். சாட்சியை டர்னருக்கு ஏற்கெனவே தெரியும். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது. டர்னரும் கோர்ட் நியமித்த வக்கீல்தான்.

டெக்சாஸில் இன்னொரு விஷயம். பல கவுன்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகமே கிடையாது. தனியாகத் தொழில் செய்யும் வக்கீல்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒருவரை நீதிபதி நியமிப்பார். காலையில் கோர்ட் நியமனத்தில் ஒருவருக்காக நிற்கும் அதே வக்கீல், மதியம் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கொடுத்தவருக்காக நிற்பார். ஆகவே, இலவசம் என்றால் மட்டம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

குறை இருக்கிறது. அது திறமையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு பப்ளிக் டிஃபெண்டர் வருடத்துக்கு அதிகபட்சம் 150 பெரிய குற்ற வழக்குகளோ 400 சிறு குற்ற வழக்குகளோதான் பார்க்கலாம் என்று 1973இல் ஒரு வரம்பு போட்டார்கள். 400 என்றாலே வேலை நாள் ஒன்றுக்கு ஒரு வழக்குக்கு மேல். அந்த வரம்பையும் தாண்டிச் சுமக்கும் அலுவலகங்கள் ஏராளம். அவர் போனை எடுக்காவிட்டால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோர்ட் ஹாலில் நின்றுகொண்டிருப்பார். தேதி, கேள்வி எல்லாவற்றையும் சுருக்கமாக மெயிலில் அனுப்பினால் பதில் வரும்.

சரி, தம்பிக்கு அந்த வக்கீல் கிடைப்பாரா? அவர் வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; வசதி இல்லை என்று தம்பி சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். டெக்சாஸ் சட்டம் பார்ப்பது அவனுடைய வருமானம், சொத்து, கடன், செலவு, அவனை நம்பி இருப்பவர்கள், திருமணமாகியிருந்தால் துணையின் வருமானம். அக்காவின் சம்பளமோ அப்பாவின் நிலமோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அவன் பெயரில் உள்ள கணக்கில் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கிடந்தால் அதை மறைக்கக் கூடாது. ஒரு திருட்டு வழக்கின் மேல் பொய்ச் சத்தியம் என்று இன்னொன்று தேவையில்லை. ஜாமீன் கட்டியவனுக்கு இலவச வக்கீல் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜாமீன் கட்டியதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த எண்ணுக்கு வருகிறேன்: 790.

டெக்சாஸில் 100 டாலரிலிருந்து 750க்குள் திருட்டு என்றால் கிளாஸ் பி என்ற வகைச் சிறு குற்றம், அதிகபட்சம் 180 நாள் சிறை. 750 முதல் 2,500க்குள் கிளாஸ் ஏ, அதிகபட்சம் ஒரு வருடம். உள்ளூர் கோர்ட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் அபராதத்தோடு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. குடியேற்றச் சட்டத்தில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அங்கே திருட்டு பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வரும். நாட்டுக்குள் வந்து ஐந்து வருடத்துக்குள் செய்த அப்படிப்பட்ட குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கொடுக்க முடியும் என்றால், தண்டனைத் தீர்ப்பான பின் நாடு கடத்த அதுவே காரணம். உண்மையில் எத்தனை நாள் உள்ளே இருந்தான் என்பதைப் பார்க்க மாட்டார்கள், அதிகபட்சம் எவ்வளவு என்பதைத்தான் பார்ப்பார்கள். 750க்கு மேலே 40 டாலர்! கடை போட்ட விலை சரிதானா, தள்ளுபடி விலை என்ன, பில் போட்ட பொருளையும் சேர்த்துவிட்டார்களா என்று பார்த்துப் பேசி வழக்கைக் கிளாஸ் பி-க்கு இறக்கும் வக்கீல் இந்தப் பையனின் படிப்பையே காப்பாற்றுகிறார். அவர் இலவசமா, காசு வாங்கினாரா என்பது அப்புறம்.

அடுத்த பள்ளம் ‘டிஃபர்ட் அட்ஜூடிகேஷன்’. “ஒத்துக்கொள், சில மாதம் ஒழுங்காக இரு, வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம்” என்பார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு நல்ல டீல். தம்பிக்கு அது கண்ணி. குற்றத்தை ஒத்துக்கொண்டு, நீதிபதி ஏதாவது கட்டுப்பாடும் போட்டுவிட்டால், பின்னால் தள்ளுபடி ஆனாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகவே எண்ணும். குற்றத்தை ஒத்துக்கொள்ளாமல், விசாரணைக்கு முன்பே வழக்கை ஒதுக்கி வைக்கும் திட்டத்தில் சேரும் ‘பிரீட்ரயல் டைவர்ஷன்’ வேறு ரகம். அதிலும் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் குற்ற ஒப்புதல் வரி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கென்டக்கியில் லாரி ஓட்டிய ஹோசே பதீயா கிரீன் கார்டோடு 40 வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தவர், வியட்நாம் போரில் பணியாற்றியவர். போதைப்பொருள் வழக்கில் மாட்டியபோது, “இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், குடியேற்றப் பிரச்சினை வராது” என்றார் அவருடைய வக்கீல். நம்பி ஒத்துக்கொண்டார், நாடு கடத்தும் நடவடிக்கை வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒத்துக்கொள்வதால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்றது. இலவச வக்கீலுக்கும் அதே கடமைதான்.

என் யோசனை இது. தம்பிக்குத் தகுதி இருந்தால் இன்றே கோர்ட்டில் வக்கீல் கேட்டு மனு கொடுக்கட்டும். கோரிக்கை கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த பின், பெரிய கவுன்டியில் ஒரு வேலை நாளுக்குள்ளும் சிறியதில் மூன்று வேலை நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. கடன் வாங்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, குற்ற வழக்குகளின் குடியேற்ற விளைவு தெரிந்த குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தெந்தப் பிரிவில் முடித்தால் தம்பிக்கு ஆபத்தில்லை என்று அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கத்தை கோர்ட் வக்கீலிடம் சேருங்கள். என் அனுபவத்தில், வேலைப்பளு உள்ள வக்கீலுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பெரிய பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் என்றால் குடியேற்றத்துக்கென்று தனி ஆளே இருக்கலாம், முதலில் கேட்டுப் பாருங்கள்.

தகுதி இல்லை என்றால் தனி வக்கீல்தான். உங்கள் கம்பெனியின் எச்-1பி வேலை விசா மனுக்களைப் பார்க்கிறவரோ, நண்பர் வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்தவரோ வேண்டாம். அந்தக் கவுன்டி கோர்ட்டில் வாராவாரம் நிற்கிறவராக இருக்கட்டும். கிடியன் சொன்ன பாடம். டெக்சாஸ் வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமமும், பகிரங்க ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் அதுவும் தெரியும். பேசும்போது கேளுங்கள்: சொன்ன ஃபீஸ் விசாரணை வரை சேர்த்தா, டீலோடு முடிந்துவிடுமா? கோர்ட்டுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியரா? குடியேற்ற வக்கீலோடு பேசுவீர்களா? ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்று குற்ற வழக்கில் ஒப்பந்தம் போட இங்கே தடை. நிச்சயம் விடுதலை வாங்கித் தருகிறேன் என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் நீங்கள் கொடுத்தாலும் கட்சிக்காரர் தம்பிதான். “என்ன சொன்னான்?” என்று நீங்கள் கேட்டால் வக்கீல் சொல்ல மாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் வக்கீலிடம் பேசும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த ரகசியக் காப்பே ஆட்டம் காணலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை அவன் விளக்க வேண்டாம். கடைக்கு மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். பணம் கட்டச் சொல்லி கடையிலிருந்து கடிதம் வந்தால் அதை வக்கீலிடம் கொடுங்கள். கட்டினாலும் கிரிமினல் வழக்கு தானாகப் போய்விடாது.

முதல் தேதிக்குள் வக்கீல் அமையவில்லை என்றால் பயந்து போகாமல் இருந்துவிடக் கூடாது, வாரண்ட் வந்துவிடும். நேரத்துக்குப் போய், “வக்கீல் ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும்” என்று சொன்னால் பெரும்பாலும் அடுத்த தேதி கொடுப்பார்கள். அன்றைக்கே முடித்துவிடலாம் என்று ஹாலில் யாராவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வரச் சொல்லுங்கள்.