பிடிச்ச கஞ்சாதான் லேபுக்குப் போச்சா? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

கேள்வி: மேடம், எங்க ஊர் ஸ்கூல் பக்கத்துல கஞ்சா வித்துட்டு இருந்தவனை 21 கிலோ மூட்டையோட புடிச்சாங்க, பேப்பர்ல போட்டோவே வந்துச்சு. இப்போ கோர்ட்ல விடுதலை ஆகி அதே தெருவுல நடமாடுறான். சாம்பிள் எடுத்தது சரியில்லையாம், சீலுக்கு சாட்சி இல்லையாம். கையும் களவுமா மாட்டுனவனை விட இதெல்லாம் ஒரு காரணமா?
(பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்: உங்க கோபம் நியாயமானது சார், ஸ்கூல் வாசல்ல விக்கிறவனைப் பத்தி எனக்கும் அதே கோபம்தான். ஆனா ஜட்ஜ் முன்னாடி என்ன இருக்குன்னு கொஞ்சம் பாருங்க. லேப் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கும், "எங்களுக்கு வந்த பொட்டலத்துல கஞ்சா இருந்துச்சு", அவ்வளவுதான். அது யார் மூட்டையிலேர்ந்து எடுத்ததுன்னு லேபுக்கு எப்படித் தெரியும்? மூட்டைக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் நடுவுல இருக்கற ஒவ்வொரு கையையும் போலீஸ்தான் சாட்சி வச்சு நிரூபிக்கணும்.

புடிச்ச இடத்துலயே எடை போட்டு, மகஜர் (சாட்சிகள் கையெழுத்தோட பறிமுதல் விவரக் குறிப்பு) எழுதி, அரக்கு முத்திரை வச்சு, அந்த சீலோட அச்சை மகஜர்லயும் வைக்கணும். ஸ்டேஷனுக்கு வந்ததும் போதைப்பொருள் சட்டத்தோட (என்.டி.பி.எஸ்.) 55-வது பிரிவுப்படி பொறுப்பு அதிகாரி அதை வாங்கி தன் சீலையும் வச்சு பத்திரமா வைக்கணும், 57-வது பிரிவுப்படி 48 மணி நேரத்துக்குள்ள மேலதிகாரிக்கு முழு ரிப்போர்ட் போகணும். அப்புறம் 52ஏ பிரிவுல மாஜிஸ்திரேட் முன்னாடி பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, சாம்பிள் எடுத்து அவர் கையெழுத்து வாங்கணும். அதை லேபுக்கு எடுத்துட்டுப் போன கான்ஸ்டபிள் யாரு, எந்த தேதியில கொடுத்தாரு, வாங்கும்போது சீல் உடையாம இருந்துச்சா, ஒப்பிட அனுப்புன சீல் அச்சோட ஒத்துப் போச்சா, இது வரைக்கும் பேப்பர்ல இருக்கணும்.

இந்தச் சங்கிலி எங்க அறுந்து போகும்னா பெரும்பாலும் குறுக்கு விசாரணையிலதான். புடிச்சது 3-ம் தேதி, கோர்ட்டுக்குப் போனது 20-ம் தேதி, நடுவுல பொட்டலம் எங்க இருந்துச்சுன்னு டிஃபென்ஸ் வக்கீல் கேப்பார். "ஸ்டேஷன்ல". ரிஜிஸ்டர் எங்க? "எடுத்துட்டு வரல". சரி, அந்த மெட்டல் சீல் யார்கிட்ட இருந்துச்சு? "என்கிட்டதான்". முடிஞ்சு போச்சு. பொட்டலமும் சீலும் ஒரே ஆள் கையில 17 நாள் இருந்தா அதைப் பிரிச்சு மாத்தி திரும்ப ஒட்டலைன்னு யாரால சொல்ல முடியும், அவர் மாத்தியிருக்கவே மாட்டார், நல்ல மனுஷனாவும் இருப்பார், ஆனா நிரூபிக்க ஒண்ணும் இல்ல.

இவ்வளவு கறார் எதுக்குன்னா தண்டனை அப்படி. கஞ்சா 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு, குறைஞ்சதே 10 வருஷம், 37-வது பிரிவால ஜாமீனும் லேசுல கிடைக்காது. போதாததுக்கு 54-வது பிரிவுப்படி, சரக்கு அவன்கிட்ட இருந்துச்சுன்னு நிரூபிச்சுட்டா அதுக்கு கணக்கு சொல்ல வேண்டியது அவன்தான். அப்போ அந்த சரக்கு அவனோடதுதாங்கற முதல் படியில அரசாங்கம் சறுக்கக் கூடாதுல்ல? நாளைக்கு உங்க பையன் பையில எவனோ ஒரு பொட்டலத்தை வச்சுட்டாலும் அவனைக் காப்பாத்தப் போறது இந்த சீலும் ரிஜிஸ்டரும்தான்.

சாம்பிள் விஷயத்துல கொஞ்சம் பழைய கதை இருக்கு. மத்திய அரசோட 1989 நிலையாணைப்படி புடிச்ச இடத்துலயே சாம்பிள் எடுத்துடுவாங்க, எஸ்-1, எஸ்-2ன்னு மார்க் பண்ணி மிச்சத்துக்கு பி-1ன்னு போட்டு. 2016-ல மோகன்லால் வழக்குல சுப்ரீம் கோர்ட் இது 52ஏ-வோட ஒத்துப் போகலை, மாஜிஸ்திரேட் முன்னாடிதான் எடுக்கணும்னு சொல்லிடுச்சு, 2022 டிசம்பர்ல புது விதிகளும் வந்தாச்சு. ஆனாலும் பழக்கம் போகல. சென்னையில 2000-ல புடிச்ச 20 கிலோ ஹெராயின் கேஸ், கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தண்டனை கொடுத்தது, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்ல உடைஞ்சது இந்த மாஜிஸ்திரேட் விஷயத்துலதான். வருஷக்கணக்கான உழைப்பு சார், வயிறு எரியுது.

அதுக்காக 52ஏ நடைமுறையில தப்புன்னாலே விடுதலைன்னு எடுத்துக்காதீங்க. 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லியிருக்கு, மத்த சாட்சியங்கள் நம்புற மாதிரி இருந்தா அந்த ஒரு குறைக்காக மட்டும் கேஸ் விழாதுன்னு. உங்க ஊர் தீர்ப்பு இ-கோர்ட்ஸ் வெப்சைட்ல இருக்கும், எடுத்துப் படிங்க, குறை சின்னதுன்னு தெரிஞ்சா அரசு தரப்பு ஹைகோர்ட்ல அப்பீல் போகலாம், ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டு எஸ்.பி. ஆபீஸ்ல மனு கொடுத்து கேளுங்க.

கேள்வி: அம்மா, என் மகனை 2 கிலோ கஞ்சான்னு புடிச்சு வச்சிருக்காங்க. பஸ்ல பக்கத்துல இருந்த பை அவனோடது இல்லன்னு சொல்றான். நான் என்ன பண்ணணும்?
(ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு, 2 கிலோ வணிக அளவு இல்ல, அதனால அந்த 37-வது பிரிவோட பெரிய தடை இங்க வராது, ஜாமீனுக்கு உடனே போடுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட கோர்ட்லயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு. மகஜர் காப்பி வாங்குங்க, சாட்சிக் கையெழுத்து பஸ்ல இருந்தவங்களோடதா இல்ல போலீஸ்காரங்களோடது மட்டுமான்னு பாருங்க. 2024 ஜூலைலேர்ந்து புது குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பி.என்.எஸ்.எஸ்.) சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கணும், அந்த வீடியோவைக் கேக்கச் சொல்லுங்க. பஸ் டிக்கெட் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, பஸ்ல கேமரா இருந்தா பதிவு அழியறதுக்கு முன்னாடி வக்கீல் மூலமா மனு போடணும், இதுல ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்கம்மா.

கேள்வி: புடிச்ச கஞ்சாவை எலி தின்னுடுச்சுன்னு சொல்லி போலீஸ் கேஸ் தோத்தது நிஜமா மேடம்?
(சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நிஜம்தான் தம்பி. 2020-ல மெரினா போலீஸ் 22 கிலோன்னு போட்ட கேஸ், கோர்ட்டுக்கு வந்தது 50 கிராம், லேபுக்குப் போனது 50 கிராம், மிச்சத்தை எலி தின்னுடுச்சுன்னாங்க, 2023 ஜூலையில கைதான 2 பேரும் விடுதலை. 22 கிலோன்னு குற்றம் சாட்டிட்டு 100 கிராமுக்குத்தான் கணக்கு காட்ட முடியுதுன்னா எந்த ஜட்ஜும் அதைத்தான் செய்வார். மாஜிஸ்திரேட்டை வச்சு பட்டியலும் போட்டோவும் முறையா எடுத்து மூட்டையை அப்பவே அழிக்க 52ஏ-லயே வழி இருக்கு, அந்தப் பட்டியலும் போட்டோவும் சாம்பிள் பட்டியலுமே முதன்மை சாட்சியம்னு அதே பிரிவு சொல்லுது. அப்படிப் பண்ணியிருந்தா எலிக்கு அங்க வேலையே இல்ல.