யாருக்கு எவ்வளவு டிஸ்க்: லினக்ஸ் சிகுரூப் கேள்வி பதில்

சர்வீஸ்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எவ்வளவு டிஸ்க், எவ்வளவு மெமரி என்று பங்கிடும் லினக்ஸ் வசதிதான் சிகுரூப். ஒரே டிஸ்க்கைப் பல சர்வீஸ்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கெர்னல் பதிப்பு என்ன, டிஸ்க் சுழல்வதா எஸ்எஸ்டியா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அது தெரியாமல் சொல்லும் பதில் வெறும் ஊகம்.

கே: இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் நின்றே போகிறது. பேக்கப் விநாடிக்கு ஒரு எம்பிகூடப் படிக்கவில்லை. டிஸ்க்கோ 150 எம்பி தரும், 7200 ஆர்பிஎம். மீதி எங்கே போகிறது சார்?

ப: மீதி என்று ஒன்று இல்லை. பேக்கப் எல்லாவற்றையும் தின்றுவிட்டது, ஆனால் அதை நீங்கள் எம்பியில் தேடுகிறீர்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவிநாடி. தலை நகர்ந்து வர இன்னும் ஒரு 8. ஆக, ஒரு துண்டைப் படிக்க 12 மில்லிவிநாடி, விநாடிக்கு 80 துண்டு. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் மொத்தம் 320 கேபி! டிஸ்க் நூறு சதவீதம் வேலை செய்துகொண்டிருக்கும், கையில் கிடைப்பது அவ்வளவுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இதே கதை. லட்சக்கணக்கான சின்னச் சின்ன மெயில் ஃபைல்களை டார் போட்டு ஒரே ஃபைலாகக் கட்டும் பேக்கப். டிஸ்க்கின் வேகத்தையும் காத்திருப்பையும் காட்டும் ஐஓஸ்டாட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். 8, 9 மில்லிவிநாடி என்று இருந்த ரீட் காத்திருப்பு நேரம் 40, 120, 300 என்று ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து எம்பி பார்ப்பதை விட்டுவிட்டேன். பங்கிட வேண்டியது டிஸ்க்கின் நேரத்தை.

உங்களுக்குத் தீர்வு: டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரை, பங்கு பிரிக்கத் தெரிந்த பிஎஃப்க்யூவுக்கு மாற்றுங்கள். பேக்கப் சர்வீஸின் சிஸ்டம்டி யூனிட்டில் (சர்வீஸின் அமைப்பு ஃபைல்) பங்கின் அளவைச் சொல்லும் ஐஓவெயிட் மதிப்பை 10 ஆக்குங்கள். மற்றவை எல்லாம் இயல்பான 100-இல் இருக்கட்டும்.

கே: புரோகிராமின் டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் ஐஓநைஸ் கட்டளை போட்டால் போதாதா?

ப: ஷெட்யூலர் அதை மதித்தால் போதும். பழைய ஷெட்யூலரான சிஎஃப்க்யூ மதித்தது, அது 5.0 கெர்னலில், 2019-இல், நீக்கப்பட்டுவிட்டது. பிஎஃப்க்யூ மதிக்கும். ஷெட்யூலர் 'நன்' (எதுவும் இல்லை) என்றால் ஐஓநைஸ் எந்த மாற்றமும் செய்யாது, பிழையும் காட்டாது.

கே: குழுவின் வேக வரம்பை எழுதும் ஐஓ.மேக்ஸ் ஃபைலில் 8:17 என்று எழுதினால் அப்படி ஒரு சாதனம் இல்லை என்கிறது.

ப: 8:17 என்பது டிஸ்க்கின் ஒரு பகுதி, அதாவது பார்ட்டிஷன். முழு டிஸ்க்கின் எண்ணை, 8:16 என்று கொடுங்கள்.

கே: விநாடிக்கு 10 எம்பி எழுதும் வரம்பு போட்டேன். டிடி (ஃபைல் எழுதும் கட்டளை) 900 எம்பி வேகத்தில் எழுதி முடித்துவிட்டது. சிகுரூப் வேலையே செய்யவில்லையா அண்ணா?

ப: தம்பி, டிடி எழுதியது மெமரியில். டிஸ்க்குக்கு அது பிறகுதான் போகும், கொண்டுபோவதும் கெர்னலின் வேறொரு த்ரெட். சிகுரூப் முதல் பதிப்பில் அந்த வேலை அந்த த்ரெட்டின் கணக்கில், அதாவது எல்லாக் குழுக்களுக்கும் மேலே உள்ள வேர்க் குழுவின் கணக்கில் விழும். உங்கள் வரம்பு, மெமரியில் தங்காமல் நேராக டிஸ்க்குக்குப் போகும் டைரக்ட் எழுத்துக்கு மட்டும்தான் பிடிக்கும். இரண்டாம் பதிப்பில் மெமரியும் ஐஓவும் கைகோத்து வேலை செய்கின்றன. அழுக்கான பக்கம் (மெமரியில் எழுதப்பட்டு டிஸ்க்குக்கு இன்னும் போகாதது) யாருடையது என்று கெர்னலுக்குத் தெரியும், ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் மூன்று ஃபைல் சிஸ்டங்களிலும் கணக்கு சரியான குழுவில் ஏறும். முதல் பதிப்பில் இருந்தால் மாறிவிடுங்கள்.

மாறிய பிறகும் ஒன்று. ஐஓ வரம்பு போட்டால் மெமரி வரம்பும் போடுங்கள். இல்லையென்றால் மெமரியில் ஐந்தில் ஒரு பங்குவரை அழுக்குப் பக்கங்கள் சேரலாம். 10 எம்பி வேகத்தில் அவை வடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கே: விண்டோஸ் சர்வரில் இதை எப்படிச் செய்வது?

ப: என் துறை இல்லை. விண்டோஸ் நிர்வகிப்பவர்களிடம் கேளுங்கள்.

கே: ஐஓவெயிட் மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

ப: இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தனியாக ஓட்டிச் சோதித்திருப்பீர்கள். வெயிட் என்பது போட்டி வரும்போது மட்டும் பேசும்; ஆள் இல்லாத டிஸ்க்கில் வெயிட் 1 உள்ளவனுக்கும் முழு வேகம் கிடைக்கும். இரண்டு, பிஎஃப்க்யூ இல்லை, வெயிட்டின்படி பிரிக்கும் இன்னொரு வசதியான ஐஓகாஸ்ட்டும் இயக்கப்படவில்லை. ஃபைலில் எண் ஏறும், வேறெதுவும் நடக்காது.

கே: நான் ஹோஸ்டிங் நடத்துகிறேன். இந்த வெயிட் எல்லாம் எதற்கு? எல்லாருக்கும் ஐஓ.மேக்ஸ் போட்டுவிட்டால் முடிந்தது. ஏழு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ப: ஓடும், ஆனால் பாதி டிஸ்க் தூங்கும். பத்துப் பேருக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பூட்டினால், ஒன்பது பேர் சும்மா இருக்கும்போதும் பத்தாமவன் அதே பத்தில் ஒரு பங்கில் தவிப்பான். வெயிட்டில் மிச்சம் வீணாகாது.

(அவரே மீண்டும்) வீணாகட்டுமே. திங்கட்கிழமை வேகமாக ஓடியது செவ்வாய்க்கிழமை மெதுவானால் வாடிக்கையாளர் எனக்குத்தான் போன் செய்கிறார். காசு கொடுத்த வேகம் என்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ப: இது நியாயமான வாதம், ஏற்கிறேன். விற்பது வேகம் என்றால் வரம்பு வேண்டும். ஆனால் எம்பி வரம்பு மட்டும் போட்டிருந்தால் நீங்கள் விற்பது வேகமே இல்லை. மேலே பார்த்த 320 கேபி ஆசாமி உங்கள் 10 எம்பி வரம்பைத் தொடாமலே டிஸ்க்கைச் சாய்த்துவிடுவான். விநாடிக்கு எத்தனை ரீட், எத்தனை ரைட் என்று எண்ணும் ஆர்ஐஓபிஎஸ், டபிள்யூஐஓபிஎஸ் வரம்புகள் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

(மீண்டும்) எல்லாம் என்விஎம்இ எஸ்எஸ்டி. தலையே இல்லை, எதை நகர்த்துவது?

ப: தலை இல்லை, செலவு இருக்கிறது. ரீடும் ரைட்டும் ஒரே விலை அல்ல, தொடர்ந்து எழுதினால் உள்ளே குப்பை அள்ளும் வேலை தொடங்கி மற்றவர்களின் ரீட் தாமதமாகும். இதற்காகவே கெர்னல் டெவலப்பர் டெஜுன் ஹியோ ஐஓகாஸ்ட்டை எழுதினார், 5.4 கெர்னலில், 2019-இல் வந்தது. ஒவ்வொரு கோரிக்கையும் டிஸ்க்கின் நேரத்தில் எவ்வளவு தின்னும் என்று மதிப்பிட்டு, அந்த நேரத்தை வெயிட்டின்படி பிரிக்கும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கடன் கணக்கு. வரம்பில் மாட்டிய ஒரு குழு ஃபைல் சிஸ்டத்தின் மெட்டாடேட்டாவை (ஃபைல்களைப் பற்றிய குறிப்புகளை) எழுத வேண்டியிருக்கிறது, அதற்காக மற்றவர்களும் காத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அதை நிறுத்தி வைத்தால் ஒரு தப்பும் செய்யாத டேட்டாபேஸும் சேர்ந்து நிற்கும். ஐஓகாஸ்ட் அந்த எழுத்தை உடனே விட்டுவிடும், செலவை அந்தக் குழுவின் பெயரில் கடனாக எழுதிப் பிறகு வசூலிக்கும். மெமரி போதாமல் டிஸ்க்குக்குத் தள்ளும் ஸ்வாப்புக்கும் அப்படியே. உங்கள் சர்வர் ஒன்றில் மட்டும் சோதித்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கே: வேறொரு சர்வரின் ஃபைல்களை இணைக்கும் என்எஃப்எஸ் மவுன்ட்டுக்கு ஐஓ.மேக்ஸ் போடலாமா?

ப: முடியாது. உங்கள் மெஷினைப் பொறுத்தவரை அது நெட்வொர்க், டிஸ்க் அல்ல.

கே: டாக்கரில் ஐஓவெயிட் மாற்றினேன், பலன் இல்லை.

ப: மேலே ஐஓவெயிட் கேள்வியில் இதற்குத்தான் பதில் எழுதினேன். ஷெட்யூலரைப் பாருங்கள்.

கே: 10 எம்பி வரம்பு போட்டும் காப்பி உடனே முடிந்துவிடுகிறதே?

ப: டிடி பதிலைப் படியுங்கள். மெமரி வரம்பு!

கே: (முதல் கேள்வி கேட்டவர்) வெயிட் 10 போட்டேன் சார். நேற்று இரவும் டேட்டாபேஸ் நின்றது. க்யூ ஷெட்யூலர் ஃபைலில் எம்க்யூ-டெட்லைன் என்பது சதுர அடைப்புக்குள் இருக்கிறது.

ப: சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது ஓடும் ஷெட்யூலர். அப்படியென்றால் பிஎஃப்க்யூ இன்னும் வரவில்லை. அந்தப் பட்டியலில் பிஎஃப்க்யூ பெயரே இல்லையென்றால் முதலில் அதன் மாட்யூலை ஏற்றுங்கள், பிறகு பெயரை அந்த ஃபைலில் எழுதுங்கள். ரீபூட்டில் போய்விடும், ஆகவே பூட் ஆகும்போது சாதனங்களை அமைக்கும் யுடெவ் விதியிலும் சேர்த்துவிடுங்கள். இன்று இரவு 2 மணிக்கு ஐஓஸ்டாட்டோடு டேட்டாபேஸ் குழு டிஸ்க்குக்காக எவ்வளவு காத்திருந்தது என்று காட்டும் ஐஓ.பிரஷரையும் பதிவு செய்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.