வகிடு அகலமாகிறது, டாப்பர் வைக்கலாமா?

கேள்வி: என் வயது 38. இரண்டு வருடமாக வகிடு அகலமாகிக்கொண்டே வருகிறது. நான்கு மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தேன். இப்போது சீப்பு வைத்தாலே முடி கொத்துக் கொத்தாக வருகிறது, முனையில் வெள்ளையாக வேர்கூடத் தெரிகிறது. ஆறு மாதமாக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. உச்சந்தலையை மட்டும் மறைக்கும், கிளிப்பால் மாட்டும் சிறு விக்கான டாப்பர் வைத்துக்கொள்ள ஆசை. ஆனால், அதை வைத்தால் இருக்கிற முடியும் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். முடி நட்டுக்கொள்வதே மேலா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த வெள்ளை முனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உதிர்ந்த முடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, "வேரோடு வந்துவிட்டது டாக்டர்" என்று என் மேஜையில் வைத்து அழுத பெண்கள் பலர். அது வேர் அல்ல. வளர்ச்சியை முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடியில் திரளும் சிறு குமிழ். முடியை உண்டாக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் இளைப்பது ஆகியவை ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடும். அவை உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதனால்தான் யாருக்கும் காய்ச்சலின் மேல் சந்தேகம் வருவதில்லை. அந்த வாரம் மாற்றிய ஷாம்புவின் மேல் பழி விழுகிறது. இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும்.

வகிடு விஷயம் வேறு. அது காய்ச்சலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. முன் நெற்றிக் கோடு அப்படியே இருக்க, உச்சியில் மட்டும் ஒவ்வொரு முடியும் விழுந்து முளைக்கும் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே போவது பரம்பரையாக வரும் முடி மெலிவின் அடையாளம். உங்கள் தலையில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

பயோட்டினை நிறுத்திவிடுங்கள். அந்தச் சத்துக் குறைபாடு மிக அரிது. அதைவிட முக்கியம், தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே அது தவறாகக் காட்டிவிடலாம். மாத்திரையை நிறுத்திச் சில நாட்கள் கழித்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பது பெண்களிடம் சகஜம். மாதவிலக்கு முறை தவறுகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையில் எரிச்சல் இருந்தாலோ, முடி போன இடம் துவாரமே தெரியாமல் வழவழவென்று இருந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தழும்பாகிவிட்ட இடத்தில் முடி திரும்ப வராது.

மெலிவுக்கு முடி வளர்ச்சியைத் தூண்டும் மினாக்ஸிடில் மருந்தைத் தலையில் தடவலாம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடாது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். அதைக் கண்டு மிரண்டு நான்காவது வாரத்தில் பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. பலன் தெரியக் குறைந்தது நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும்.

இனி டாப்பர். தாராளமாக வையுங்கள். முடிக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்திலிருந்து கிடைக்கிறது, மூடி வைப்பதால் அது மூச்சுத் திணறிச் சாவதில்லை. கெடுதல் செய்வது கிளிப்தான். ஒரே இடத்தில் தினமும் இழுத்தால் அங்கே சொட்டை விழும். ஆகவே டாப்பரின் அடிப்பகுதி, மெலிந்த இடத்தைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். அப்போதுதான் கிளிப் அடர்ந்த முடியில் கடிக்கும். கிளிப்பின் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள். செயற்கை இழை அடுப்பின் அனலிலேயே சுருண்டுவிடும். மனித முடி அதிக காலம் உழைக்கும், ஆனால் பராமரிப்பும் அதிகம்.

என் அக்காவுக்குக் கீமோதெரபி தொடங்கியபோது, முடி கொட்டுவதற்கு முன்பே விக் வாங்கப் போனோம், அவள் முடியின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. முதலில் வைத்த விக்கில் அவள் யாரோ போல இருந்தாள். நிறம் பொருந்தியது, அடர்த்திதான் இரண்டு மடங்கு. கடைக்காரப் பெண் அதை அக்காவின் தலையில் வைத்தபடியே, கத்தரியை உள்ளே விட்டுக் கால் மணி நேரம் முடியைக் குறைத்துக்கொண்டே வந்தார். திடீரென்று கண்ணாடியில் என் அக்கா தெரிந்தாள். நீங்களும் அடர்த்தி குறைந்ததையே கேளுங்கள்.

முடி நடுவது இப்போது வேண்டாம். பின்னந்தலையிலிருந்து எடுத்துத்தான் முன்னே நட வேண்டும். பல பெண்களுக்குப் பின்னந்தலையும் மெலிந்திருக்கும், மெலியும் முடியையே இடம் மாற்றிப் பயன் என்ன? உதிர்வு அடங்காமலும் பின்னந்தலையைப் பரிசோதிக்காமலும் யாராவது அறுவைக்குத் தேதி கொடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

நாளைக் காலை வெளிச்சத்தில் நெற்றி ஓரத்தைக் கண்ணாடியில் பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், நுனி கூர்மையாக, குட்டைக் குட்டையாகச் சில முடிகள் நின்றால், அவை காய்ச்சலில் போனவற்றுக்குப் பதிலாக முளைத்தவை.