எறியப்படாத பந்துகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நார்த் கரோலைனாவில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். என் மகன் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3இல் ஆடும் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆறடி ஏழு அங்குலம். எங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்கும் இந்த உயரம் கிடையாது. கூடைப்பந்து அணியில் சென்டராக, அதாவது கூடைக்கு அருகில் நிற்கும் உயரக்காரனாக, ஆடுகிறான். சனிக்கிழமைதோறும் நானும் மனைவியும் நெடுந்தூரம் காரோட்டிப் போய்ப் பார்க்கிறோம். பெரும்பாலும் நான்கு புள்ளி எடுப்பான், சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் எக்செல் தாளில் குறித்து வருகிறேன். பயிற்சியாளரோ அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். எல்லோரும் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும் இந்தக் காலத்தில், தடுப்பாட்டம் மட்டுமே தெரிந்த உயரக்காரனுக்கு என்ன மதிப்பு? தனிப் பயிற்சியாளரை அமர்த்தி எறியக் கற்றுத்தரலாமா? தொழில்முறை ஆட்டமான என்பிஏவிலேயே இப்படிப்பட்டவர்கள் நிலைப்பதில்லை என்கிறார்கள் நண்பர்கள். படிப்பு கெடுகிறதோ என்ற கவலையும் உண்டு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

படிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. அங்கே ஆடுகிறவர்கள் ஆசைக்காக ஆடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் பாடத்தையும் பார்த்துக்கொள்வார்கள். உயரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியையும் விட்டுவிடுங்கள். வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில், 2012ஆம் ஆண்டின் கல்லூரி இறுதிப்போட்டியை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கம். கென்டக்கியும் கான்சஸும் மோதின. கென்டக்கியின் சென்டர் ஆன்டனி டேவிஸ் அப்போது முதலாண்டு மாணவர். அன்றைக்குப் பத்து முறை எறிந்தார், ஒன்றுதான் உள்ளே போனது. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களையும் சேர்த்து மொத்தம் ஆறு புள்ளி. உங்கள் எக்செல் தாளில் இதை ஏற்றினால் என்ன நிறம் காட்டும்? சிவப்புதானே? கென்டக்கி 67-59 என்று வென்றது. தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அந்த ஆறு புள்ளிக்காரருக்குத்தான் போனது. 16 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 6 பிளாக் (எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பது) என்று காரணம் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த ஆறு பிளாக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்த ஆட்டத்தில் நடந்துகொண்டே இருந்தது, அது எந்த அட்டவணையிலும் இல்லை.

எனக்கு இது புரிந்த இடம் ஒரு மேசை. ஓஹையோவில் முதுகலை படித்தபோது, பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களுக்குப் புள்ளிவிவர மேசையில் பகுதிநேர வேலை கிடைத்தது. கூடைப்பந்தைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது; வேகமாகத் தட்டச்சு செய்வேன், அதற்காக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொல்வார்: இத்தனாம் எண், லேஅப் (கூடைக்கு அருகே ஓடிவந்து போடுவது), தவறியது; இத்தனாம் எண், ரீபவுண்ட். நான் தட்டுவேன். எங்கள் அணியில் ஒரு சென்டர் இருந்தான், தோள் அகன்ற, அதிகம் பேசாத பையன். அவன் களத்தில் இருக்கும்வரை எனக்கு வேலை குறைவு. எதிரணியின் கார்டு, அதாவது பந்தை நடத்திவரும் ஆட்டக்காரன், பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாக உள்ளே வருவான். கூடைக்கு அடியில் இவன் நிற்பதைப் பார்ப்பான். பிறகு, கடன் கேட்க வந்தவன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு நலம் மட்டும் விசாரித்துக்கொண்டு திரும்புவதுபோல, பந்தை மூலைக்கு அனுப்பிவிட்டு வெளியே ஓடிவிடுவான். பக்கத்தில் இருப்பவர் எதுவும் சொல்லமாட்டார். சொல்ல என்ன இருக்கிறது? நான் தட்டவும் எதுவும் இல்லை.

ஒருநாள் அவனுக்கு முதல் பாதியிலேயே மூன்று ஃபவுல். பயிற்சியாளர் அவனை பெஞ்சில் உட்காரவைத்தார். உடனே என் விரல்களுக்கு ஓய்வில்லாமல் போனது. லேஅப், உள்ளே. லேஅப், உள்ளே. லேஅப், ஃபவுலோடு சேர்ந்து உள்ளே. அவன் செய்துவந்த வேலையின் அளவு, அவன் செய்யாத நிமிடங்களில்தான் திரையில் ஏறியது. ஆட்டம் முடிந்து அச்செடுத்த தாளில் அவன் பெயருக்கு நேரே இரண்டு புள்ளி, நான்கு ரீபவுண்ட், பிளாக் பூஜ்யம். அதைப் பார்க்கும் எந்தத் தகப்பனும் உங்களைப் போலத்தான் எழுதுவார்.

ஆகவே ஆர்., தயவுசெய்து பிளாக்கை எண்ணி ஆறுதல் தேடாதீர்கள். அதுவும் ஏமாற்றும் எண்தான். இதை நான் யாரிடம் பேசினாலும் சொல்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை, நீங்களாவது வாங்குங்கள். ஒருவன் எம்பிக்குதித்துப் பந்தை மூன்றாம் வரிசைக்கு அறைந்து அனுப்புகிறான். அரங்கம் எழுந்து கத்துகிறது. கணக்கில் ஒரு பிளாக். ஆனால் பந்து யாருக்கு? கோட்டுக்கு வெளியே போனதால் மறுபடியும் எதிரணிக்கே. அவர்கள் பந்தை மறுபடி களத்துக்குள் கொண்டுவந்து இன்னொரு முறை எறிகிறார்கள். இன்னொருவன் விரல் நுனியால் மெல்லத் தட்டுகிறான்; பந்து தன் கூட்டாளியின் கையில் விழுகிறது; அடுத்த சில நொடிகளில் மறுமுனையில் கூடை விழுகிறது. கணக்கில் இதுவும் ஒரு பிளாக். இரண்டும் ஒன்றா? மூன்றாமவன் கையைத் தூக்கி நிற்கிறான், அவ்வளவே. எறிய வந்தவன் எறியவே இல்லை. கணக்கில் பூஜ்யம். என்னைக் கேட்டால் மூன்றாமவனுக்கே முதல் இடம். அவன் குதிக்கவில்லை, அதனால் ஃபவுலும் இல்லை. கல்லூரி ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாமவனின் வித்தையை உலகுக்குக் காட்டியவர் பில் ரஸ்ஸல். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றுதான் அவருக்கு உதவித்தொகை தர முன்வந்தது. தடுப்பவன் தரையைவிட்டுக் கால் எடுக்கக் கூடாது என்பது அந்தக் காலப் பயிற்சியாளர்களின் வேதம். அவருடைய பயிற்சியாளர் ஃபில் வுல்பர்ட்டுக்கும் அவர் குதிப்பது முதலில் பிடிக்கவில்லை. ரஸ்ஸல் குதித்தார். பந்தைக் களத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். 1955, 1956 இரண்டு ஆண்டும் கோப்பை அவர்களுக்கு. அவர் அங்கே ஆடிய கடைசி 55 ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. மொத்தம் எத்தனை பிளாக் செய்தார் என்று கேட்காதீர்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அதிகாரபூர்வமாக பிளாக்கை எண்ணத் தொடங்கியதே 1985-86 பருவத்தில்தான். அந்த முதல் பருவத்திலேயே நேவி அணியின் டேவிட் ராபின்சன் 207 எடுத்தார் என்பது வேறு கதை. விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய தடுப்பாட்டக்காரரின் கல்லூரிக் கணக்கில் அந்தப் பத்தியே இல்லை. பார்த்தீர்களா?

ரஸ்ஸலுக்கு பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் மாற்று சென்டராக இரண்டு பருவம் உட்கார்ந்திருந்தவர் ஜான் தாம்சன். பின்னாளில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார், பேட்ரிக் யூயிங் என்ற சென்டரைக் கொண்டுவந்தார். 1982 இறுதிப்போட்டி, இதே சூப்பர்டோம், எதிரே நார்த் கரோலைனா. உங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்களே! கூடையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் பந்தைத் தொடக்கூடாது என்பது 1944இல் வந்த விதி. பாப் கர்லண்ட், ஜார்ஜ் மைக்கன் போன்ற உயரக்காரர்களுக்குப் பயந்து கொண்டுவந்தது. தொட்டால் கோல்டெண்டிங், எதிரணிக்குப் புள்ளி. யூயிங் அன்று தொட்டார், தொட்டார், தொட்டுக்கொண்டே இருந்தார். நார்த் கரோலைனாவின் முதல் எட்டுப் புள்ளிகளும் அப்படிக் கிடைத்தவை. இந்தப் பக்கம் வராதே என்று எழுதி ஒட்டுவதற்குக் கொடுத்த விலை அது. கடைசியில் மைக்கேல் ஜோர்டன் எறிந்த பந்தில் 63-62 என்று ஜார்ஜ்டவுன் தோற்றது. ஒரே புள்ளி. எட்டைக் கொடுத்து ஒன்றில் தோற்றது மடத்தனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பயம் இல்லாமல் ஆட்டம் ஒரு புள்ளி இடைவெளிக்கு வந்திருக்காது. ஆனாலும் உங்கள் மகனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அவன் ரஸ்ஸல் வழியிலேயே போகட்டும்.

என்பிஏவைப் பற்றி நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். ஹஷீம் தபீத் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். தான்சானியாவிலிருந்து வந்த ஏழடி மூன்று அங்குலக்காரர். என்பிஏ அணிகள் வரிசையாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009இல் மெம்ஃபிஸ் அணி அவரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவருக்குப் பின்னால் ஜேம்ஸ் ஹார்டன், ஸ்டீஃபன் கறி எல்லாம் காத்திருந்தார்கள். அங்கே அவர் சோபிக்கவில்லை. அதனால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை அதே ஆண்டு கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகக் கொண்டுசேர்த்ததில் அவருக்கிருந்த பங்கு இல்லாமல் போய்விடுமா? இரண்டும் வேறு வேறு ஆட்டம், ஆர்.! என்பிஏவில் 2001-02 முதல் தடுப்பவர் யாரையும் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் அந்த விதியே இல்லை. விரும்பினால் நாற்பது நிமிடமும் நிற்கலாம். எதிரே வருபவர்களும் இருபது வயதுப் பிள்ளைகள். உங்கள் மகனின் கைக்கு மேலாகப் பந்தை மிதக்கவிட்டுக் கூடையில் இறக்கும் பக்குவம் அவர்களில் மிகச் சிலருக்கே உண்டு.

மூன்று புள்ளிக் காலத்தில் இதெல்லாம் பழங்கதை என்றால், 2024 மார்ச்சில் கனெக்டிகட்டுக்கும் இல்லினாய்க்கும் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். 23-23 என்று சமநிலை. அங்கிருந்து கனெக்டிகட் தொடர்ந்து 30 புள்ளி எடுத்தது. இல்லினாய் ஒன்றுகூட எடுக்கவில்லை. டோனவன் கிளிங்கன் கை நீட்டி எதிர்த்த 19 எறிதல்களில் ஒன்றும் உள்ளே போகவில்லை. இல்லினாய் செய்த தவறு ஒன்றுதான்: திரும்பிப் போகாமல் எறிந்துகொண்டே இருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். இத்தனை தூரம் காரோட்டிப் போய், உங்கள் மகன் பந்தைத் தொடும் நொடிகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறீர்கள். மற்ற நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான்? முதுகுக்குப் பின்னால் வழிமறித்துத் திரை போட யார் வருகிறார்கள் என்று கார்டுகளுக்குக் கத்திச் சொல்வது அவன்தான். களம் முழுவதும் தெரிவது அவனுக்கு மட்டுமே. அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? காரில் திரும்பும்போது அவனிடம் அன்றைய புள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. பேசுவதாக இருந்தால் நிறுத்துங்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் பெஞ்சில் இருக்கும் நிமிடங்களில் எதிரணி கூடைக்கு அடியில் எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதை மட்டும் குறித்து எனக்கு எழுதுங்கள்.

தனிப் பயிற்சியாளரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமர்த்துங்கள், ஆனால் கால்களுக்கு. எதிரணி சென்டரே தூரத்திலிருந்து எறிபவராக இருந்தால் அவன் வெளியே வந்தாக வேண்டும். அங்கே ஒரு சிறிய கார்டு அவனைத் தாண்டி ஓடினால் பக்கவாட்டில் நகர்ந்து உடன் செல்ல வேண்டும். உயரக்காரர்கள் அம்பலமாவது அந்த இடத்தில்தான். எறிதல் கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் முதலில் ஃப்ரீ த்ரோ. பருவத்தின் நடுவில் பயிற்சியாளரிடம் போய் எதுவும் கேட்டுவைக்காதீர்கள்.