சூடான புகையில் இருக்கும் மாசை ஒளிர்வை வைத்து அளக்க முடியுமா?

ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: கொதிகலன் புகைபோக்கியில் வரும் சூடான வாயுவில் சல்பர் டை ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் எவ்வளவு இருக்கிறது என்று ஒளிர்வு நிறமாலை முறையில் அளக்கலாமா, அவ்வளவு சூட்டில் வாயுவே வெளிச்சம் விடுமே, அது அளவைக் கெடுக்காதா?

தாராளமாக அளக்கலாம் தம்பி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆலையில் பன்னிரண்டு வருடமாக புகையில் எந்த வாயு எவ்வளவு என்று அளக்கும் இந்த அனலைசர்களோடுதான் எனக்குப் பாடு.

மளிகைக் கடையில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கின் கீழே ரூபாய் நோட்டின் எண்கள் மின்னும் இல்லையா, அதுதான் ஒளிர்வு. கொஞ்சம் மஞ்சள் தூளை சானிடைசரில் கலக்கி அதே விளக்கில் காட்டிப் பாருங்கள், பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். சல்பர் டை ஆக்சைடும் அப்படித்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். துத்தநாக விளக்கின் 214 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, சுமார் 330 நானோமீட்டரை ஒட்டி ஒளியைத் திருப்பி விடும். நடுவில் ஒரு ஃபில்டர் வைத்து விளக்கின் ஒளியைத் தடுத்துவிட்டு, மூலக்கூறு விட்டதை மட்டும் எண்ணுகிறோம். நைட்ரிக் ஆக்சைடை இந்த முறையில் பார்க்க 226 நானோமீட்டர் லேசர் வேண்டும், அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்து வேலை. ஆலைகளில் அதை ஓசோனோடு வினைபுரிய வைத்து வரும் ஒளியில் அளப்பதுதான் வழக்கம்.

சூட்டின் வெளிச்சம் பெரும்பாலும் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் இருக்கும். 1,200 டிகிரி வாயுகூட 226 நானோமீட்டர் பக்கம் ஏறக்குறைய இருட்டுதான், அதனால் அதை விடுங்கள். சூடு வேறு வழியாக அளவைக் கெடுக்கும். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி இருக்கிற கூட்டத்தை ஒரே ரத வீதி முனையில் நின்று எண்ணினால் என்ன ஆகும்? மொத்தக் கூட்டம் அதேதான், ஆனால் நாலு வீதியிலும் பரவிவிட்டால் உங்கள் முனையில் குறைவாகத்தானே தெரியும். லேசர் ஒரே ஒரு ஆற்றல் படியில் இருக்கும் மூலக்கூறுகளை மட்டும் தொடுகிறது, சூடு ஏற ஏற அவை பல படிகளில் பரவிவிடுகின்றன. போதாததற்கு, அதே அழுத்தத்தில் 1,500 கெல்வினில் ஒரு லிட்டரில் இருக்கும் மூலக்கூறுகள் 300 கெல்வினில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். வெப்பநிலையைச் சேர்த்து அளக்காமல் வெறும் ஒளியை வைத்து அளவு சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய தொந்தரவு, ஒளியை வாங்கிக் கிளர்ந்த மூலக்கூறு அதைத் திருப்பி விடுவதற்கு முன்னாலேயே பக்கத்து மூலக்கூறு மோதி அந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொள்வது. நைட்ரிக் ஆக்சைடு தனியாக இருந்தால் சுமார் 200 நானோ விநாடி தாங்கும். சாதாரண அழுத்தத்தில் எரியும் சுடருக்குள் இரண்டு மூன்று நானோ விநாடிதான், அதாவது நூறில் ஒன்றிரண்டுதான் ஒளிரும். நைட்ரஜன் அதை அவ்வளவாகத் தொடாது, ஆக்சிஜனும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான் பிடுங்குபவை, புகையில் அவையும் கணிசமாகவே இருக்கும். சல்பர் டை ஆக்சைடுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அளவு தெரிந்த வாயுவை நைட்ரஜனில் கலந்து அடைத்த சிலிண்டரை வைத்து அனலைசரைச் சரிசெய்துவிட்டு நிஜப் புகையை விட்டால் குறைத்துத்தான் காட்டும். அதனால்தான் சில இடங்களில் புகையை எடுத்த உடனேயே உலர்ந்த சுத்தக் காற்றில் நூறு மடங்கு போல நீர்க்க வைத்து அளக்கிறார்கள், அப்போது சுற்றி இருப்பது எப்போதும் அதே காற்றுதான்.

எனக்கு இதெல்லாம் உறைத்தது ஒரு ஐப்பசி அடைமழையில். சல்பர் டை ஆக்சைடு 420 பி.பி.எம்மிலிருந்து (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நாலு நாளில் 270க்கு இறங்கியது. நிலக்கரி மாறவில்லை. "ரீடிங் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, பிறகு என்னத்த போட்டு நோண்டுதீய?" என்று ஷிப்டில் இருந்த பையன் கேட்டான். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் புகையை அனலைசருக்குக் கொண்டுவரும் அதே குழாயில் வந்த நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் அசையவே இல்லை. வெளிக்காற்று உள்ளே புகுந்திருந்தால் ஆக்சிஜன் ஏறி மற்ற இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். அனலைசரின் பின்பக்கம் சிலிண்டர் கேஸ் கொடுத்துப் பார்த்தேன், ரீடிங் கச்சிதமாக வந்தது. மழை விட்டதும் மேலே ஏறி, புகைபோக்கியில் செருகியிருக்கும் முனையிலேயே அதே கேஸைக் கொடுத்தேன், மூன்றில் ஒரு பங்கு காணோம். 180 டிகிரியில் இருக்க வேண்டிய டெஃப்லான் குழாயில் ஒரு இடத்தில் ஹீட்டர் செத்து, நீராவி தண்ணீராகித் தேங்கிக் கிடந்தது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 40 லிட்டர் சல்பர் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும், நைட்ரிக் ஆக்சைடோ தண்ணீரில் கரைவதே அபூர்வம். நாலு நாளாக நாங்கள் ஊருக்குக் காட்டியது பொய்க் கணக்கு, ஆலைக்குக் கிழக்கே இருக்கிற தெருக்காரர்கள் சுவாசித்த காற்றில் கலந்தது அந்த 420 உள்ள புகைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே ப்ராஜெக்டில் நீங்கள் லேசர் வைத்தாலும் சரி, விளக்கு வைத்தாலும் சரி, சரிபார்க்கும் கேஸில் உங்கள் புகையில் இருக்கும் அளவுக்கே கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்திருக்கட்டும். புகையை வெளியே இழுத்து அளப்பதாக இருந்தால் அந்த கேஸைக் கருவியின் வாயில் கொடுக்காமல் புகை நுழைகிற முனையிலேயே கொடுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது.